மருந்தும் நடத்தையும்: பார்க்கின்சன் நோயில் டோபமைன் அகோனிஸ்டுகளின் பாதுகாப்பான பயன்பாடு

பார்க்கின்சன் நோய்க்கு வழங்கப்படும் மருந்துகளில், உடலின் இயக்கத்தைச் சீராக்கும் அதே வேளையில் மனிதரின் விருப்பங்களையும் தன்னடக்கத்தையும் மாற்றிவிடக்கூடியவை என்ற வகையில் டோபமைன் அகோனிஸ்டுகள் தனித்து நிற்கின்றன. பிரமிபெக்சோல், ரோபினிரோல், ரோடிகோடின், அபோமார்பின் ஆகியவை இவ்வகையில் இன்று பெரிதும் பயன்படுபவை. இவற்றைப் பாதுகாப்பாக எடுத்துக்கொள்வது என்றால் வேளை தவறாமல் மாத்திரை போடுவது என்றே பல வீடுகளில் பொருள் கொள்ளப்படுகிறது. வேளை முக்கியம்தான் என்றாலும், இம்மருந்துகளின் பெருந்தீங்குகள் இரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ அகப்படாமல், வீட்டாரின் கண்ணுக்கே முதலில் படுகின்றன; அவர்களோ அவற்றை மருந்தோடு தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை. ஆகவே மருந்து தொடங்கும் நாளிலேயே நோயாளியையும் அவருடன் வாழ்பவரையும் சேர்த்து உட்காரவைத்து, எதைக் கவனிக்க வேண்டும், எதைக் கண்டால் உடனே சொல்ல வேண்டும் என்று ஒளிவுமறைவின்றி எடுத்துரைப்பதே பாதுகாப்பின் அடித்தளம் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

நடுமூளையில் கருநிறமாகத் தெரியும் ஒரு சிறு பகுதியின் நரம்பணுக்கள் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கின்றன. உடலசைவைத் தொடங்குவதற்கும் அதை அளவாக நடத்துவதற்கும் இப்பொருள் இன்றியமையாதது. இந்த அணுக்கள் படிப்படியாக அழிவதால்தான் கைநடுக்கமும் தசை இறுக்கமும் அசைவில் மந்தமும் தோன்றுகின்றன. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இந்நோயை விவரித்திருந்தாலும், அதன் வேதியியல் அடிப்படை துலங்குவதற்கு 140 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. சர்ப்பகந்தா வேரிலிருந்து கிடைக்கும் ரெசர்பின் கொடுக்கப்பட்டு அசைவற்றுக் கிடந்த விலங்குகளை, மூளையில் டோபமைனாக மாறும் டோபா என்னும் பொருளின் ஊசியால் மீண்டும் நடமாடவைத்த சுவீடன் அறிவியலாளர் அர்விட் கார்ல்சன், இதனைத் தொடர்ந்த பணிகளுக்காக 2000-இல் நோபல் பரிசு பெற்றார். 1960-இல் வியன்னாவில் ஓலே ஹோர்னிகீவிச், பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமைன் பெருமளவு குறைந்திருப்பதைக் காட்டினார். 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கொட்சியாஸ், டோபாவைச் சிறிய அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டிப் பேரளவில் வாய்வழியாகக் கொடுத்தபோது நோயாளிகள் எழுந்து நடந்தனர். லெவோடோபா என்னும் அதே பொருளைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்த ஆய்வு 1937-இலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமோதரன், ராமசாமி ஆகியோரால் வெளியிடப்பட்டிருந்தது என்பது தமிழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

லெவோடோபா மூளைக்குள் சென்று, எஞ்சியிருக்கும் அணுக்களின் உதவியால் டோபமைனாக மாறிய பிறகே பயன்தருகிறது. அகோனிஸ்டுகளுக்கு அந்த மாற்றம் தேவையில்லை. டோபமைன் போய் அமர வேண்டிய ஏற்பிகளில், அதாவது நரம்பணுவின் மேற்பரப்பில் வேதிச் செய்தியைப் பெறும் புரதங்களில், அவை தாமே அமர்ந்து டோபமைன் வந்துவிட்டது போன்ற விளைவை உண்டாக்குகின்றன. லெவோடோபாவின் அளவு இரத்தத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும்போது, பிரமிபெக்சோலுக்கு அதற்கு எட்டு மணி நேரமும் முதியவர்களில் பன்னிரண்டு மணி நேரமும் ஆகின்றன. புரதம் மிகுந்த உணவு லெவோடோபா மூளைக்குச் செல்வதைத் தடுப்பதுபோல் அகோனிஸ்டுகளைத் தடுப்பதில்லை. இத்தகைய வசதிகளே இம்மருந்துகளின் மீது பெரும் நம்பிக்கையை வளர்த்தன.

1974-இல் டொனால்ட் கால்ன் குழுவினர் பார்க்கின்சன் நோய்க்குப் பயன்படுத்திக் காட்டிய புரோமோகிரிப்டின் என்னும் அகோனிஸ்டும், பின்னர் வந்த பெர்கோலைடு, காபெர்கோலின் ஆகியவையும், தானியக் கதிர்களில் வளரும் எர்காட் என்னும் பூஞ்சையின் வேதிப்பொருள்களிலிருந்து உருவானவை. 2007 ஜனவரியில் ஒரே மருத்துவ இதழில் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் இவற்றின் மறுபக்கத்தைக் காட்டின: பெர்கோலைடோ காபெர்கோலினோ உட்கொண்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இதய வால்வு தடித்து, இரத்தம் பின்னோக்கிக் கசியும் நிலை ஏற்பட்டிருந்தது. அதே ஆண்டு மார்ச்சில் பெர்கோலைடு அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. எர்காட் சாராத பிரமிபெக்சோலும் ரோபினிரோலும் 1997-இலேயே அங்கு அனுமதி பெற்றிருந்தமையால் மருத்துவம் அவற்றின் பக்கம் முழுமையாகச் சாய்ந்தது. பழைய மருந்துச்சீட்டின்படி இன்றும் எர்காட் வகையை எடுத்துவருபவர் எவரேனும் இருப்பின், அவருக்கு இதய எக்கோ பரிசோதனை காலந்தோறும் தேவை.

புதிய மருந்துகளின் தொடக்ககால ஆய்வுகள் ஊக்கமளித்தன. 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் இரண்டாண்டுகளுக்குள் மருந்தின் பலன் விட்டுவிட்டு வருதல், கட்டுப்பாடற்ற அசைவுகள் போன்ற சிக்கல்கள் லெவோடோபாவில் தொடங்கியோரில் 51 விழுக்காட்டினருக்கும் பிரமிபெக்சோலில் தொடங்கியோரில் 28 விழுக்காட்டினருக்குமே தோன்றின. இதனால், இளவயது நோயாளிகளுக்கு லெவோடோபாவை இயன்றவரை தள்ளிப்போட வேண்டும் என்னும் கொள்கை வேரூன்றியது. அதே ஆய்வில் அசைவுத்திறன் லெவோடோபா பெற்றவர்களுக்கே கூடுதலாக மேம்பட்டிருந்தது என்பது போதிய கவனம் பெறவில்லை. பிரிட்டனில் 1,620 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2014-இல் வெளியான பெரும் ஆய்வு, நோயாளிகளே தம் அன்றாட வாழ்வைப் பற்றிச் சொன்ன மதிப்பீட்டில் லெவோடோபாவில் தொடங்கியவர்கள் சிறிதளவே எனினும் தொடர்ந்து நல்ல நிலையில் இருந்ததைக் காட்டியது. பக்கவிளைவுகளால் மருந்தைக் கைவிட்டவர்கள் அகோனிஸ்ட் பிரிவில் 28 விழுக்காடு, லெவோடோபா பிரிவில் 2 விழுக்காடு. அந்த இடைவெளியே இம்மருந்தை யாருக்குத் தரலாம் என்னும் கேள்வியை மீண்டும் எழுப்பியது. அமெரிக்க நரம்பியல் கழகத்தின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், தொடக்க மருந்தாக லெவோடோபாவை முன்னிறுத்துவதோடு, நினைவாற்றல் குறைபாடு, மாயக்காட்சிகள், பகலில் மிகுந்த தூக்கம், அடக்கவியலா உந்துதல்களின் முன்வரலாறு ஆகியவை உள்ளவர்களுக்கு நோயின் தொடக்கத்தில் அகோனிஸ்டுகளைத் தவிர்க்கச் சொல்கிறது. எனவே பாதுகாப்பு என்பது, மாத்திரையை எப்படிப் போடுவது என்பதற்கு முன்பே, அது இந்த நோயாளிக்கு உரியதா என்னும் கேள்வியில் தொடங்கிவிடுகிறது.

இம்மருந்துகளின் தீங்குகளில் அதிக ஆழமானது, உந்துதலை அடக்கும் ஆற்றல் தளர்ந்துபோவது. இதற்கு உடற்கூறு சார்ந்த விளக்கம் உண்டு. டோபமைன் ஏற்பிகளில் பல வகைகள் உள்ளன. அவற்றுள் மூன்றாம் வகை ஏற்பிகள், இன்பத்தையும் பரிசையும் எதிர்நோக்கும் நரம்புச் சுற்றில் மிகுதியாக உள்ளன. பிரமிபெக்சோலும் ரோபினிரோலும் அவ்வகை ஏற்பிகளோடு வலுவாகப் பிணைகின்றன. பார்க்கின்சன் நோயின் தொடக்கத்தில் அசைவுக்கான சுற்று பெரிதும் சேதமுற்றிருக்க, இன்பச் சுற்று ஓரளவு நலமாகவே இருப்பதால், முன்னதற்குத் தேவைப்படும் மருந்தளவு பின்னதற்கு மிகையாகிவிடுகிறது. வெல்லும்போது உண்டாகும் களிப்பு கூடுகிறது. தோற்கும்போது உண்டாக வேண்டிய எச்சரிக்கை மழுங்குகிறது.

2005-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள், முன்பு சூதாட்டப் பழக்கமே இல்லாதிருந்து மருந்துக்குப் பின் அதில் வீழ்ந்த 11 நோயாளிகளைப் பற்றி எழுதினர். அவர்களில் 9 பேர் பிரமிபெக்சோல் எடுத்தவர்கள். டேனியல் வெயின்ட்ராப் தலைமையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வு இதன் பரப்பை அளந்தது: அகோனிஸ்ட் எடுப்பவர்களில் 17.1 விழுக்காட்டினருக்கும், எடுக்காதவர்களில் 6.9 விழுக்காட்டினருக்கும் சூதாட்டம், அளவுகடந்த பாலுணர்வு, தேவையின்றி வாங்கிக் குவித்தல், அடங்காத உண்ணல் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருந்தன. இளவயது, திருமணமாகாமை, புகைப்பழக்கம், குடும்பத்தில் சூதாட்ட வரலாறு ஆகியவை இந்த இடரைக் கூட்டின. ஒரு குறிப்பிட்ட பொழுதில் எடுத்த கணக்கு இது. நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஒரு பிரெஞ்சு ஆய்வு, ஐந்தாண்டுக்குள் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஏதேனும் ஒரு வடிவில் இது தலைகாட்டக்கூடும் என்பதை 2018-இல் காட்டியது. அரிதான பக்கவிளைவு என்று எவரும் இதை ஒதுக்கிவிட இயலாது.

எண்களைக் காட்டிலும், இது வீட்டுக்குள் எப்படித் தோன்றும் என்பதை அறிந்திருப்பது பயன்மிக்கது. பண்டிங் எனப்படும் ஒரு நிலையில், நோயாளி பொருளற்ற ஒரே செயலில் மணிக்கணக்காக மூழ்கிவிடுவார்: ஓடிக்கொண்டிருக்கும் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி, அதன் திருகாணிகளை அளவு வாரியாகச் செய்தித்தாளின் மேல் அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கி, சோறு ஆறிப்போனதும் அறியாமல் நள்ளிரவைக் கடப்பார், அல்லது அலமாரிப் புடவைகள் அனைத்தையும் இறக்கி, மடித்து, பிரித்து, மீண்டும் மடிப்பார். தடுத்தால் எரிச்சல் வரும். பார்ப்பவர்களுக்கு இது நெடுநாள் முடங்கிக் கிடந்தவர் சுறுசுறுப்படைந்துவிட்டதாகவே தோன்றும். ஓவியத்திலோ தோட்ட வேலையிலோ திடீரென எழும் பேரார்வமும் சில வேளைகளில் இவ்வகையைச் சேர்ந்ததுதான். அந்த ஆர்வம் உறக்கத்தையும் உணவையும் உறவையும் விழுங்குகிறதா என்பதே பிரித்தறியும் அளவுகோல்.

தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு 2003-இல் தடைசெய்யப்பட்டுவிட்டது, இங்கே அமெரிக்காவைப்போல் கேசினோக்களும் இல்லை என்பதால், சூதாட்டம் பற்றிய கேள்வி இவ்வூர் நோயாளிக்குப் பொருந்தாது என எண்ணுவது பிழை. கைபேசியில் பணம் வைத்து ஆடும் ரம்மி, பங்குச்சந்தையில் அன்றன்றே வாங்கி விற்றல், தவணையில் வரிசையாக வந்திறங்கும் பொருள்கள், வீட்டாருக்குத் தெரியாமல் அடகுக்குப் போகும் நகை என அதே உந்துதல் வேறு வழிகளில் வெளிப்படலாம். ஆகவே "சூதாடுவீர்களா?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, கடந்த சில மாதங்களில் பணம் செலவானது வழக்கத்துக்கு மாறாக இருந்ததா, இரவில் எழுந்து பலகாரம் தேடுகிறாரா, கைபேசியைப் பிறர் பார்க்காதவாறு மறைக்கிறாரா என்று கேட்பதே உண்மையை வெளிக்கொணரும். பாலுணர்வு மிகுதி பற்றிய பேச்சு இதனினும் கடினமானது. வயது முதிர்ந்த கணவரின் ஓயாத வற்புறுத்தலை மனைவி மகனிடமும் சொல்ல முடியாமல், மருத்துவரிடமும் சொல்ல முடியாமல் பொறுத்துக்கொள்ளும்போது, மருந்தின் விளைவு குணக்கேடாகப் பதிவாகி, பல்லாண்டு மணவாழ்வு கசந்துபோகிறது. நோயாளி உடனில்லாத நேரத்தில் மனைவியிடமோ கணவரிடமோ தனியாகப் பேசுவதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கும் மருத்துவர், வேறெந்தப் பரிசோதனையாலும் தடுக்கவியலாத ஒரு துயரத்தைத் தடுக்கிறார். மருந்தளவு குறைக்கப்பட்டாலோ நிறுத்தப்பட்டாலோ இந்த உந்துதல்கள் பெரும்பாலானவர்களிடம் தணிந்துவிடுகின்றன என்பதால், காலத்தே அறிந்துகொள்வதற்கு அத்தனை மதிப்பு இருக்கிறது.

இந்த இடத்தில்தான் இரண்டாவது ஆபத்து காத்திருக்கிறது. கணவர் கடன்பட்டதற்குக் காரணம் மாத்திரை என்று தெரிந்ததும் அதைக் குப்பையில் எறிந்துவிடும் குடும்பம், அவரை வேறொரு இடருக்குள் தள்ளுகிறது. திடீரென நிறுத்தினால் உடல் விறைத்து, காய்ச்சல் ஏறி, நினைவு குழம்பி, உயிருக்கே ஆபத்தான நிலை அரிதாக ஏற்படலாம். படிப்படியாகக் குறைக்கும்போதுகூடச் சிலருக்குப் பதற்றம், பீதி, வியர்வை, உடல்வலி, ஆழ்ந்த சோர்வு, மருந்துக்கான ஏக்கம் ஆகியவை எழுகின்றன. லெவோடோபாவைக் கூட்டினாலும் இவை அடங்குவதில்லை. 2010-இல் இந்நிலையை முதன்முதலில் விவரித்த அமெரிக்க மருத்துவர்கள், அகோனிஸ்டைக் குறைத்த 26 பேரில் 5 பேருக்கு இது நேர்ந்ததையும், அந்த ஐவருமே உந்துதல் கோளாறு இருந்தவர்கள் என்பதையும் பதிவு செய்தனர். எவருக்கு மருந்தை நிறுத்தியாக வேண்டுமோ அவருக்கே நிறுத்துவது கடினம் என்பது இதன் பொருள். இதைத் தவிர்க்க வழி, சிறிய அளவில் தொடங்குவதும், தேவைக்கு மேல் உயர்த்தாமலிருப்பதும், அறிகுறி தெரிந்த முதல் வாரங்களிலேயே மருத்துவரின் மேற்பார்வையில் இறக்கத் தொடங்குவதுமே ஆகும்.

தூக்கம் மற்றோர் இடர். 1999-இல் அமெரிக்க நரம்பியலாளர்கள், பிரமிபெக்சோலோ ரோபினிரோலோ எடுத்துவந்த 8 பேர் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே உறங்கிவிட்டதைப் பதிவு செய்தனர். சிலருக்குக் கொட்டாவியோ கண்சொக்கலோ முன்கூட்டி வராமல் உறக்கம் கவிந்துவிடுகிறது என்பதே இதில் அச்சந்தருவது. மருந்து தொடங்கும்போதும் அளவு கூட்டப்படும்போதும் இருசக்கர வாகனம், கார், கூரையேறுதல், இயந்திர வேலை ஆகியவற்றைத் தள்ளிவைப்பதும், பகலில் பேச்சின் நடுவே கண்ணயர்வது ஒருமுறை நிகழ்ந்தாலும் வாகனத்தைத் தொடாமல் மருத்துவரிடம் தெரிவிப்பதும் கட்டாயம். மதுவும் தூக்க மாத்திரையும் இதை மோசமாக்கும்.

மருந்தளவு பற்றிய சில நுட்பங்கள் சீட்டை எழுதுபவருக்கும் வாங்குபவருக்கும் ஒருசேரத் தெரிந்திருக்க வேண்டியவை. பிரமிபெக்சோல் பொதுவாக 0.125 மில்லிகிராமாக நாளுக்கு மூன்று வேளை தொடங்கி, வாரத்துக்கொருமுறை போல மெல்ல உயர்த்தப்படுகிறது. ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் அதே மாத்திரை, உப்பு வடிவத்தில் அன்றித் தூய மருந்தின் எடையில் 0.088 எனக் குறிக்கப்படுகிறது. வெளிநாட்டில் வாழும் பிள்ளைகள் அனுப்பிய மருந்தையும் உள்ளூரில் வாங்கியதையும் எண்ணை மட்டும் பார்த்து மாற்றிக்கொண்டால் அளவு பிசகிவிடும். உட்கொண்ட பிரமிபெக்சோலில் ஏறத்தாழ 90 விழுக்காடு மாற்றமின்றிச் சிறுநீரிலேயே வெளியேறுவதால், சிறுநீரகம் பழுதுற்றவருக்கு, அதிலும் நீண்ட நாள் சர்க்கரை நோயாளிக்கு, அளவைக் குறைக்க வேண்டும். ரோபினிரோல் கல்லீரலில் சிதைவது. சிப்ரோஃபிளாக்சசின் என்னும் பரவலான நுண்ணுயிர் எதிர்ப்பி அச்சிதைவைத் தடுத்து இரத்தத்தில் அதன் அளவைக் கணிசமாக ஏற்றிவிடும், புகைபிடிப்பதோ அச்சிதைவை விரைவாக்கும். நீடித்து வெளிப்படும் வகை மாத்திரைகளை உடைத்தோ பொடித்தோ கொடுக்கலாகாது. சில நாள்கள் விட்டுப்போன மருந்தைப் பழைய அளவிலேயே திரும்பத் தொடங்காமல் மருத்துவரைக் கேட்டுக் கீழிருந்து ஏற்ற வேண்டும். தோலில் ஒட்டும் ரோடிகோடின் பட்டையை அன்றாடம் இடம் மாற்றி ஒட்டுவதோடு, அதன் பின்புறத்தில் அலுமினியம் இருப்பதால் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு முன் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் தோல் வெந்துபோகக்கூடும்.

குமட்டலும், எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சரிந்து தலை சுற்றுவதும் தொடக்க வாரங்களில் வழக்கமானவை. உணவோடு எடுத்தால் குமட்டல் தணியும். படுக்கையிலிருந்து எழும்போது ஓரத்தில் சற்று அமர்ந்து பின் எழுவதும், ஏற்கெனவே உட்கொண்டுவரும் இரத்த அழுத்த மாத்திரைகளின் அளவை மருத்துவரைக் கொண்டு மறுபரிசீலனை செய்வதும் விழுவதைத் தடுக்கும். பிழை பெரும்பாலும் நேர்வது, இந்த அறிகுறிகளுக்காக அருகிலுள்ள மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரைகளில்தான். வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோபிரமைடும் புரோகுளோர்பெரசினும், தலைசுற்றலுக்குத் தரப்படும் சின்னரிசினும் ஃபுளூனரிசினும் டோபமைன் ஏற்பிகளை அடைப்பவை. அகோனிஸ்ட் செய்யும் வேலையை அப்படியே தலைகீழாக்குபவை. மூளைக்குள் பெரிதும் நுழையாத டோம்பெரிடோன் இவ்விடத்தில் ஏற்றது எனினும், இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடியது என்பதால் ஐரோப்பிய மருந்து முகமை 2014-இல் அதன் அளவையும் காலத்தையும் சுருக்கியது. அபோமார்பின் ஊசி எடுப்பவருக்கு ஒண்டான்செட்ரான் கூடவே கூடாது. இரத்த அழுத்தம் அபாயகரமாக வீழ்ந்துவிடும்.

சித்த, ஆயுர்வேத மருந்துகளில் இடம்பெறும் பூனைக்காலிப் பொடியும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். அதில் இருப்பது மெய்யான லெவோடோபா. எனவே அகோனிஸ்டோடு அதைச் சேர்த்து எடுப்பவர், தம் மருத்துவர் அறியாமலேயே டோபமைன் மருந்தைக் கூட்டிக்கொள்கிறார். பொடிக்குப் பொடி அளவு மாறுபடுவதால், எது மாயக்காட்சியைத் தந்தது, எது அசைவை மிகைப்படுத்தியது என்று பின்னர் பிரித்தறிய முடியாமலும் போகிறது. இதைச் சொன்னால் திட்டுவார்கள் என்று நோயாளி மறைக்காமலிருக்க, கேட்பவரின் குரலில் கண்டனம் இருக்கலாகாது.

ஆண்டுகள் செல்லச்செல்ல, ஒருகாலத்தில் ஒத்துப்போன மருந்தே ஒவ்வாததாகிறது. முற்றத்தில் அந்நியர் நிற்பதாகவும், கட்டிலில் குழந்தை படுத்திருப்பதாகவும் முதியவர் சொல்லத் தொடங்கும்போது, முதலில் சிறுநீர்த்தொற்று, நீரிழப்பு போன்ற உடனடிக் காரணங்கள் தேடப்படுகின்றன. அவை இல்லையெனில் மருந்துகளை ஒரு வரிசையில் களைவது வழக்கம்: நடுக்கத்துக்காகத் தரப்பட்ட டிரைஹெக்சிஃபெனிடில், பிறகு அமண்டடின், அதன்பின் அகோனிஸ்ட்; லெவோடோபா கடைசிவரை வைத்துக்கொள்ளப்படுகிறது. ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் ஆகியவற்றைக் கொடுத்து மாயக்காட்சியை அடக்க முற்பட்டால் நோயாளி அசையவே முடியாமல் முடங்கிவிடக்கூடும் என்பதால், தேவைப்படின் சிறிய அளவு குவெட்டியபினோ, இரத்த வெள்ளணுக்களைத் தொடர்ந்து எண்ணிக்கொண்டே குளோசபினோ தரப்படுகின்றன. அறுவை சிகிச்சைக்கோ எலும்பு முறிவுக்கோ வேறொரு மருத்துவமனையில் சேர்க்கப்படும்போது, அங்குள்ள இரவுப்பணி மருத்துவருக்கு இந்த வரலாறு தெரிந்திருக்காது. எடுத்துவரும் மருந்துகளின் பெயர், அளவு, நேரம், கொடுக்கக்கூடாத மருந்துகளின் பெயர்கள், முன்பு உந்துதல் கோளாறு வந்திருந்ததா என்னும் குறிப்பு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி மருத்துவக் கோப்பின் முதற்பக்கத்தில் வைத்திருக்கும் குடும்பங்களில், விழுங்க முடியாத நிலையிலும் நோயாளிக்கு ரோடிகோடின் பட்டையோ மூக்குக்குழாய் வழி லெவோடோபாவோ தாமதமின்றிக் கிடைக்கிறது.